ராசம்மா மடியில் இருந்த உப்பு ஜாடி

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்கா புக்கிட் பாருவில் ஒரு மண்டபத்தில் பார்வையற்றோருக்காக உணவுச் சந்தை போட்டிருந்தார்கள். மகள் இழுத்துக்கொண்டு போனாள். நுழைந்ததுமே சாம்பார் கொதிக்கும் வாசனை மூக்கில் ஏறியது. கிண்ணத்தில் வாங்கி ஒரு வாய் வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. அதற்குமேல் அங்கே இருப்புக் கொள்ளவில்லை; மகளை நச்சரித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உப்பு சரியாக இருந்ததற்காக ஒருத்தி ஓடிவருவாளா என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

எனக்கு எப்போதுமே ஓரிடத்தில் உட்கார வராது. நாடு சுதந்திரம் அடைந்த சமயம், மலாக்கா டவுனில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, கையில் சம்பளம், காலில் சக்கரம். எந்தக் கூட்டம் போட்டாலும் முதல் ஆளாகக் கை தூக்குவேன். அப்போது எல்லோருக்குமே அப்படி ஒரு பரபரப்பு இருந்தது. புது நாட்டுக்கு உடனே ஏதாவது செய்துவிட வேண்டும். என்ன செய்வது என்றுதான் தெரியாது. கடைசியில் காஜா பெராங் கோயில் பக்கத்துத் திடலில் சமைத்து, சாப்பாட்டு டிக்கெட் விற்று, கண் தெரியாதவர்களுக்குக் கூடை முடையக் கற்றுத்தரும் பட்டறைக்கு உதவுவது என்று முடிவானது.

அந்தப் பட்டறைக்குப் போக வேண்டியவர்களில் ஒருத்தி ராசம்மா. இருபது வயது இருக்கும். பதினைந்து வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. அதற்குமுன் அவள் அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் அடுப்படி அவள் பொறுப்பு. கண் போன பிறகும் வீட்டுச் சமையல் அவள்தான். "கூடை யாருக்கு வேணும் அக்கா? எனக்கு அடுப்புதான் வேணும்" என்பாள்.

திடலுக்கு எதிரே பீபி என்ற அம்மாள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய தமிழர் வழிவந்த மலாக்கா செட்டி; நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழ் புரியாது. தமிழ் வாடிக்கைக்காரர்களுக்குச் சாம்பார் வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். ராசம்மாவைப் பற்றி நான்தான் சொன்னேன். திடலில் சமைக்கும் நாளன்று அவள் சமைப்பதைப் பார்த்துப் பிடித்திருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பீபி ஒத்துக்கொண்டார். அன்று ராசம்மா காலையிலேயே குளித்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

செயற்குழுத் தலைவர் முத்தையா நல்ல மனுஷர். தொல்லையே அதுதான். "ஐயோ, அந்தப் பொண்ண நெருப்புக்கிட்ட விடாதீங்க லா! நாற்காலி போட்டு உக்கார வைங்க" என்றார். சும்மா இருந்தால் அவள் மனம் கஷ்டப்படுமே என்று, இருந்த ஒரே உப்பு ஜாடியை அவள் மடியில் வைத்து, "இது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் எடுத்துச் சொல்ல நினைத்தேன். அதற்குள் வாழை இலைக்கட்டு வந்து இறங்கியது.

சாமிக்குப் படைத்த பிறகுதான் பந்தி. அதுவரை ஒருவரும் ருசி பார்க்கக் கூடாது. சமைத்தவர்களோ முறைபோட்டு வந்தார்கள். செமாபோக் பெண்கள் காய் நறுக்கிப் பருப்பை ஏற்றிவிட்டுப் போக, புக்கிட் பாரு பெண்கள் வந்து இறக்கினார்கள். உப்பை அவர்கள் போடுவார்கள் என்று இவர்களும், இவர்கள் போட்டிருப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். ரப்பர் விறகுப் புகையில் கண் எரிய, நான் இலைக்கும் தண்ணீருக்கும் பறந்துகொண்டிருந்தேன். "அக்கா, யாரும் உப்பு வாங்க வரலியே" என்று ராசம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் "இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனேன்.

படையல் முடிந்து பந்தி உட்கார்ந்தது. முதல் கவளத்திலேயே பேச்சு அடங்கிவிட்டது. சாம்பார், கூட்டு, பொரியல் எதிலும் உப்பில்லை. தர்ம காரியம் என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். பீபி வீட்டிலிருந்து கொண்டுவந்த அச்சார் ஊறுகாய் மட்டும் நிமிஷத்தில் காலியானது. முத்தையா ஜாடியை எட்டிப் பார்த்தார். வைத்தபடி நிறைந்திருந்தது.

"பாவம், அதுக்கு என்ன தெரியும்? நாமதான் குடுத்திருக்கக் கூடாது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

ராசம்மா விருட்டென்று எழுந்தாள். "நான் சொன்னேன். அக்காகிட்ட கேளுங்க."

பீபி என் பக்கம் திரும்பி, "கெனாப்பா இனி?" என்றார். ஏன் இப்படி ஆயிற்று என்கிறார். பந்தி முழுக்க என்னையே பார்த்தது. டைப் அடித்ததில் ஒரு பிழைகூட இருக்காது என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"டியா லூப்பா" என்றேன். அவள் மறந்துவிட்டாள்.

மலாக்காவில் மலாய் புரியாதவர் யார்? ராசம்மா ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உப்பையே மறப்பவள் நமக்கெதற்கு என்று பீபி நினைத்திருக்க வேண்டும். உதட்டைப் பிதுக்கியபடி கடைக்குத் திரும்பினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பின்னாலேயே போய் உண்மையைச் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஓடிய கால், அந்தத் தெருவைக் கடக்கவில்லை.

ராசம்மா பட்டறையில் சேர்ந்தாள். பல வருஷம் கழித்து, தூக்கம் கெட்டுப்போய், ஒரு நாள் அங்கே போய் நின்றேன். குரலை வைத்தே தெரிந்துகொண்டாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்; அழுதேன். அவள் முடைவதை நிறுத்தவில்லை.

"அத விடுங்க அக்கா" என்றாள். "அன்னிக்குச் சாம்பார் நான் வெச்சிருந்தா நல்லா வந்திருக்கும்."

திடல் இருந்த இடத்தில் இப்போது கடைவரிசை. பீபி இல்லை, பட்டறை இல்லை. ராசம்மா போய் இருபது வருஷமாகிறது. அவள் வைத்த சாம்பாரைப் பீபி கடையில் உட்கார்ந்து ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை.