வலப்பனைக்கு இறங்கிய பாதை

மேலே நிற்கிறவனுக்குக் கீழே இருப்பது ஊர் இல்லை, வெறும் பள்ளம். எங்களுக்கு வலப்பனை அப்படித்தான் இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் கோடியில் நின்று கிழக்கே பார்த்தால் தேயிலை முடியும், மானாப்புல் தொடங்கும், புல்லும் முடிகிற இடத்தில் நீலமாக என்னவோ கலங்கிக் கிடக்கும். வெயில் ஏறிய நாட்களில் அந்தக் கலங்கலுக்குள் படிப்படியாக வயல்கள் மின்னும். "அது சிங்கள நாடு" என்பார்கள். எங்கள் பூகோளம் அவ்வளவுதான்.

எந்த ஊர் என்று கேட்டால் ராகலைப் பக்கம் என்போம். கேட்கிறவர் தூரத்து ஆள் என்றால் நுவரெலியா. சாமான் வாங்க ராகலை, நோய் வந்தால் நுவரெலியா, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஹட்டன். எல்லாமே எங்களுக்கு மேற்கில் இருந்தன, மேட்டில் இருந்தன. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் நாங்கள் பிறந்ததும் செத்ததும் வலப்பனையில். அந்தப் பெயரை ஏதோ தூரத்து உறவுக்காரரின் பெயரைப் போல வைத்திருந்தோம். உறவு உண்டு, போக்குவரத்து இல்லை.

அது பழைய பெயர். கண்டி ராஜாக்கள் காலத்தில் வலப்பனை ஒரு மாகாணம். ராஜாவின் பேரால் திசாவை என்ற அதிகாரி அதை ஆண்டார். இன்றைக்கு அதே பெயர் ஒரு கடைவீதிக்கும் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் வந்து நிற்கிறது. பழையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட எனக்குத் தெரியாது. மேற்கே மேகம் முட்டுகிற மலை, கிழக்கே உமா ஓயா, வடக்கே மகாவலி, நடுவில் பாறைகளில் அடிபட்டு இறங்குகிற குறுந்து ஓயா. குளிரில் தொடங்கி வெக்கையில் முடிகிற ஒரு சரிவு. வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த நாடுகளில் அதுவும் ஒன்று என்பதும், எழுந்த குற்றத்துக்கு அதன் வயல்களையும் மாடுகளையும் அழித்தார்கள் என்பதும், அதற்கும் பிறகுதான் மேற்காடு வெட்டப்பட்டது, கோப்பிப் பயிர் வந்து செத்தது, தேயிலை வந்தது, தேயிலைக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் வந்தார்கள் என்பதும் நான் பிற்பாடு வாசித்தவை. காலால் தெரிந்துகொண்டது ஒரே ஒரு நாளில்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். மழை விடவில்லை. எங்கள் பக்கத்து மழை வடகிழக்கு மழை. மற்ற மலைகள் வெயில் காய்கிற மாதங்களில்தான் எங்களுக்கு வானம் உடையும். ராகலைக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து, ஒரு சவுக்கு மரம் நின்றபடியே இறங்கி வந்து ரோட்டின் நடுவில் நின்றது. லொறி இல்லை, பஸ் இல்லை. அப்படி ஒரு காலையில்தான் அக்காவுக்கு வலி எடுத்தது. தலைப்பிள்ளை.

தோட்டத்து மருத்துவிச்சி உள்ளேயிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அக்கா புருஷனான மச்சானிடம் சொன்னார்: "தண்ணிக்கொடம் ஒடஞ்சு நேரமாச்சுப்பா. பிள்ளை எறங்கல. இனிமே என் கையில இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கங்காணியைப் பார்த்தேன். கங்காணி எங்களுக்கு உறவில்லை. ஆனால் அக்கா காலை ஆள்கணக்கான அவர் பிரட்டில் பேர் பதிந்து, அவர் மேற்பார்வையில் கொழுந்தெடுத்தவள். அவர் மலையில் எந்தத் தண்ணீர்க் கான் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்.

"கீழ எறங்குவோம்" என்றார் கங்காணி. "வலப்பனைக்கு."

"அங்கயா?" என்றார் மச்சான்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. கலவரத்தில் எங்கள் லயத்தின் ஒரு கோடி எரிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எரித்தவர்கள் எந்த ஊரார் என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. கீழேயிருந்து வந்தார்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். கீழே என்பது ஒரு திசையாக இருந்து, மெல்ல மெல்ல ஒரு பயமாக ஆகியிருந்தது.

"வேற வழி இருந்தா சொல்லுங்க மாப்பிள்ள" என்றார் கங்காணி. மச்சான் கம்பளியை எடுக்க உள்ளே போனார்.

இரண்டு மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டினோம். தூக்க நான்கு பேர், மாற்றாள் இரண்டு பேர், முன்னால் கங்காணி, பின்னால் மருத்துவிச்சி. அக்காவின் மேல் மழைக்கு ஒரு தார்ப்பாய்ப் படங்கைப் போர்த்தினோம். ஏழாம் நம்பர் மலையின் குறுக்குப் பாதையில் வழுக்கி வழுக்கி இறங்கியபோது, அவள் படங்குக்குள்ளிருந்து பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"மெதுவாப் போங்கடா. கொழுந்துச் சாக்கா தூக்கிட்டுப் போறீங்க?"

"கொழுந்துச் சாக்குன்னா ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிருப்போம் ஆத்தா" என்றார் கங்காணி திரும்பாமலே. "நீ கழிவு போகாம முழு நிறுவையில போற."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வலியாக மாறியது. கழி என் தோளில் நடுங்கியது.

எல்லைக் கல்லைத் தாண்டியதும் தேயிலை சட்டென்று நின்றுவிட்டது. அதன் பிறகு எங்களில் ஒருவருக்கும் வழி தெரியாது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சரிவு. ஆனால் அதற்குள் ஒருவரும் காலை வைத்ததில்லை. புல்லுக்குக் கீழே காடாகிப்போன கோப்பிச் செடிகள் சில, சிவந்த பழத்தோடு. அதற்குக் கீழே கற்களை அடுக்கிய பழைய வரம்புகள், வயல் இருந்து விட்டுப்போன மாதிரி. இறங்க இறங்கக் காலம் எங்களுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போனது. தேயிலையின் வயது மேலே நின்றுவிட்டது. எங்கள் வயதும்.

பனி இறங்கியது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. அப்போதுதான் ஓரமாகப் புல் வளர்ந்த ஒரு வாய்க்கால் தென்பட்டது.

"இந்தா, கான் கெடச்சிருச்சு" என்றார் கங்காணி. அவர் குரலில் வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதி. "இதப் புடிச்சுப் போனா ரோடு."

தோட்டத்து ஆளுக்கு அதில் சந்தேகமே வராது. மலையில் வெட்டிய சின்னக் கான் பெரிய கானில் விழும். பெரிய கான் ரோட்டு மதகில் விழும். பனியில் வழி தவறினால் கானைப் பிடித்து நட என்றுதான் எங்களுக்குப் பழக்கம். எத்தனையோ பேரை அது வீடு சேர்த்திருக்கிறது. ஆனால் தேயிலையின் கான் தண்ணீரை மலையிலிருந்து விரட்டுவதற்காக வெட்டப்பட்டது. வயலின் வாய்க்கால் தண்ணீரை விடாமல் பிடித்து வைப்பதற்காக வெட்டப்பட்டது. அது ரோட்டைத் தேடி இறங்காது. மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, உயரத்தை இழக்காமல், தூரத்து வயலைத் தேடிப் போகும். இந்த வித்தியாசம் எங்களில் யாருக்கும் தெரியாது. வயல் வைத்திருந்தவர்கள் எங்கள் வம்சத்தில் கடலுக்கு அந்தப்பக்கம் முடிந்துபோயிருந்தார்கள்.

ஒரு மலைமூக்கைச் சுற்றினோம். கீழ் ரோட்டில் பஸ்ஸின் ஹோர்ன் காலடியில் கேட்டது. இன்னொரு மலைமூக்கு. இப்போது ஹோர்ன் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"கங்காணி, ரோடு அந்தப் பக்கம்ல கேக்குது?" என்றேன்.

"கான் பொய் சொல்லாது தம்பி. நட."

அக்கா பேசுவதை நிறுத்தியிருந்தாள். மருத்துவிச்சி படங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சுருக்கா, சுருக்கா" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது திருப்பத்தில் மனிதர்கள் நின்றார்கள். ஏழெட்டுப் பேர், இடுப்பில் சாரம், கையில் மண்வெட்டி. மழையில் உடைந்த வாய்க்கால் கரையை ஊராகக் கூடிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்: "எபா! எபா!"

வேண்டாம் என்று அர்த்தம். மாற்றாள் ஒருவன் பின்வாங்கினான். மச்சான் கழியை இறுக்கிப் பிடித்தார். எனக்கு மண்வெட்டிகள் மட்டும்தான் தெரிந்தன.

ஒரு வயசாளி முன்னால் வந்தார். கரையைக் காட்டினார், எங்கள் கால்களைக் காட்டினார். ஈரக் கரை, எங்கள் பாரத்துக்கு இடிந்து, தூக்கி வருகிறவளோடு எல்லாரும் கிடுகிடு பள்ளத்தில் போவோம் என்கிறார். "கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள்?

"இஸ்பிரிதாலெட்ட, ராலாமி" என்றார் கங்காணி. ஆஸ்பத்திரிக்கு, ஐயா.

வயசாளி படங்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கங்காணியிடம் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது: ரோட்டுக்கு ஒற்றையடிப் பாதை அந்தப் பலா மரத்தடியில் இறங்குகிறதே, அதைத் தாண்டி ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள்? இது வயலுக்குப் போகிற வாய்க்கால் அல்லவா?

கங்காணி அந்த வாய்க்காலைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் எந்த அவசரமும் இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

திரும்பி நடக்க நேரமில்லை. கரையில் நடக்க முடியாது. வயசாளி மேலே வாய்க்கால் பிரிகிற இடத்தைக் காட்டி ஏதோ உத்தரவிட்டார். ஓர் இளந்தாரி முகத்தைச் சுளித்தான். விடிந்ததிலிருந்து கட்டியதை உடைப்பதா என்று கேட்டான்.

"அப்ப நீ வந்து பிள்ளையப் பெறு" என்றார் வயசாளி. சிங்களத்தில்தான் சொன்னார்; எங்களுக்கு விளங்கியது. மண்வெட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

புதிதாகக் கட்டிய கரையை அவர்களே வெட்டித் திறந்தார்கள். தண்ணீர் பள்ளத்தில் பாய்ந்தது. வாய்க்கால் வற்ற வற்ற, அதன் சேற்றுக்குள் இறங்கி நின்று எங்கள் தோளிலிருந்து கழிகளை வாங்கிக்கொண்டார்கள். கரைகள் இருபுறமும் இடுப்பளவு நிற்க, அந்த ஓடைக்குள் ஊரார் அக்காவைச் சுமந்து போனார்கள். நாங்கள் பின்னால் போனோம். எத்தனையோ அரசர்களுக்கு முன்பிருந்தே தண்ணீர் போன வழி அது. மனுஷி போனது அன்றைக்குத்தான் என்று வயசாளி பிறகு சொன்னார்.

வாய்க்கால் முடிகிற இடத்தில் வயல். வயலுக்கு அடியில் ரோடு. ரோட்டில் ஒரு லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டர்; அதில் அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குள் போகும்போது அக்காவுக்கு நினைவு இருந்தது.

அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை. சுற்றி நடந்த அந்த நேரத்தாலா என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கங்காணி மட்டும் வாசலில் குந்தியிருந்தார், நனைந்த தலைத்துண்டை அவிழ்க்காமல்.

மேலே ரோடு இன்னும் திறக்கவில்லை. தோட்டத்துப் புதைகாட்டுக்குப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது? மறுநாள் காலையில் சேதி கேட்டு வயசாளி, கையில் ஒரு கொத்து வெற்றிலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் நிலத்தில் ஓர் இடம் இருக்கிறது, என்றார். வாய்க்கால் முடிகிற மேட்டில், கடைசி வயலுக்கு மேலே. உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் தலை வைப்பீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தெற்கே தலைமாடு வருகிற மாதிரி அவரே குழியை அளந்தார். வெட்டியது கங்காணி. ஒருவரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

தேயிலை மண்ணில் எத்தனையோ தலைமுறையாகக் கிடந்த எங்களுக்கு, இந்த நிலம் உனக்கு என்று ஒருவர் கையைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

அக்கா அந்த இடத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு பிள்ளை பிறக்கும்வரை தாய் அங்கே போகக்கூடாது என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். ரோடு திறந்து லொறியில் மேலே ஏறியபோது, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். மச்சான் கையைக் காட்டினார். பனி. அதற்குப் பிறகு யுத்தம் முற்றி, சோதனைச் சாவடிகளும் பிள்ளைப் பாடும் வந்தன. மகன் பிறந்த பிறகும் அவள் போகவில்லை. கூட்டிப்போகிறோம் என்று நாங்களும் சொல்லவில்லை. கங்காணி அவள் வருகிற பாதையில் வரமாட்டார். மலையில் அவள் கொழுந்தெடுக்கும் நிரையைப் பார்க்க வேறு ஆளை அனுப்புவார். அவளும் எதையும் சொன்னதில்லை. வருஷங்கள் இப்படியே போயின.

இரண்டாயிரத்துக்குப் பிறகு லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு கட்ட நிலத்தைத் துண்டு போட்டார்கள். குலுக்கலில் அக்காவுக்கு ரோட்டோரத் துண்டு விழுந்தது. ஓய்வுபெற்றுக் கால் வீங்கிப்போயிருந்த கங்காணிக்கு எல்லாவற்றுக்கும் அடியில், சரிவின் விளிம்பில், காற்று அறைகிற மூலைத் துண்டு. மச்சான் அன்றைக்குச் சந்தோஷத்தில் கோழி அடித்தார்.

மறுநாள் அக்கா கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஒங்க துண்ட எனக்குத் தாங்க கங்காணி. என்னோடத நீங்க எடுத்துக்கிடுங்க."

"என்னாத்தா சொல்ற? ரோட்டுத் துண்ட விட்டுட்டு அந்தக் காத்துக்குள்ள போயா? சீமந்து மூட்டைய யாரு சொமக்கிறது?"

"அவரு சொமப்பாரு."

"அங்க என்னா இருக்கு?"

"வாய்க்கா தெரியுமாமே, அங்கேருந்து" என்றாள் அக்கா. "பனி இல்லாத அன்னைக்கு."

அவள் படியில் உட்கார்ந்தாள். "வெயிலு நல்லா இருக்கு" என்றாள். "கம்ப எடுத்துக்கிட்டு வாங்க. எந்த எடம்னு நீங்கதான் காட்டணும். குழி வெட்டுனது நீங்க."

அவர் கம்பைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். அக்கா என்னைத் தடுத்துவிட்டு, தானே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் சரிவின் விளிம்புக்கு மெல்ல நடந்தார்கள். கங்காணி கம்பை உயர்த்திக் கீழே காட்டுவதும், அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் குனிந்து தேடுவதும் எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தன.