நோயின் பெயர் என்றொரு கட்டம்

நீண்டகால நோயாளர் உதவிப்பணத்துக்கு, "மாதாந்தச் சிகிச்சை அவசியம்" என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால் போதும். சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. விண்ணப்பப் படிவமோ சுற்றறிக்கைக்கு முன்பே அச்சடிக்கப்பட்டது. அதில் 'நோயின் பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. எங்கள் பிரதேச செயலகக் கந்தோரில் சுற்றறிக்கையை வாசிப்பவர்கள் சிலர். கட்டம் வெறுமையாக இருந்தால் எல்லாருக்கும் கண் குத்தும்.

எனக்கும் குத்தியது. சுனாமிக்கு அடுத்த வருடம் பெரியகல்லாற்றுப் பெண்ணொருவரின் படிவம் வந்தது. வெறுமையான கட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். அவர் நேரே வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு எச்.ஐ.வி. சேர். மாசாமாசம் கொழும்புக்குப் போகணும். மருந்துக் குளிசை சும்மா தாறாங்க, பஸ்ஸுக்குத்தான் வழியில்ல. இந்தப் பேப்பர் கிராம சேவகர்ர கையால வரும். பிறகு பேரெல்லாம் பலகையில ஒட்டுவீங்க. நான் ஊருக்குள்ள இருக்க வேணாமா?"

"காசம் என்று போடுங்களன், தங்கச்சி. அது பழைய நோய்ப் பட்டியலில் இருக்கு." என் சேவைக்காலத்தில் நான் சொல்லிக் கொடுத்த முதல் பொய்.

"காசமெண்டா பக்கத்து வீட்டாக்கள் தண்ணியும் தரமாட்டாங்க. பொய்யும் எழுதி, ஒதுங்கியும் இருக்கவா?"

சுற்றறிக்கையின் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மேலிடத்துக்கு எழுதினேன். "நோயின் பெயரைத் தெரிவிக்கவும்" என்று வந்தது. மறுபடி எழுதினேன். அதன்பின் மௌனம். மாதம் ஒரு நினைவூட்டற் கடிதம் போட்டேன். அந்தப் பெண் மீன்வலை பின்னியும் கைமாற்று வாங்கியும் கொழும்புக்குப் போய்வந்தார். திரும்பும்போது கந்தோருக்கும் வருவார்.

"பதில் வந்திட்டா சேர்?"

"இல்லை."

"என்ர வருத்தத்துக்கும் உங்கட கடுதாசிக்கும் முடிவில்ல போல."

உள்நாட்டுச் சண்டையில் ஒருமுறை பாதை பூட்டப்பட்டு, குளிசை இல்லாமல் இரண்டு கிழமை இருந்தார். கைமாற்றுத் தருபவர்களும் காரணம் கேட்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. இரந்து எழுதுவதை நிறுத்தி, ஒரே வரி எழுதினேன்: "மறுப்பதாயின், எப்பிரிவின் கீழ் மறுக்கப்படுகிறது எனத் தெரிவிக்கவும். பிரதி: கணக்காய்வு." மறுக்கப் பிரிவே இல்லாதபோது, உத்தியோகத்தர் எவருக்கும் நித்திரை வராத வரி அது.

நோயின் பெயர் கேட்கக்கூடாது, கிராம சேவகர் வழியாக அனுப்பத் தேவையில்லை, பலகையில் இலக்கம் மட்டுமே இடவேண்டும், அந்தப் பெண்ணுக்கு அந்த மாதம் முதலே வழங்கவேண்டும் என்ற பதில் கந்தோருக்கு வந்தது, சண்டை முடிந்த வருடம், மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு மறுநாள்.