மீன் கூடை ஐஸ்

மூலக்கூறுகளுக்கும் கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றுக்கொன்று எதிரான இடக்கை, வலக்கை உண்டு என்றால் வீட்டில் சிரிப்பார்கள். வலக்கை வகையை மட்டும் உண்டாக்கும் வினையூக்கியைத் தேடுவதுதான் கும்பகோணத்தில் என் ஆராய்ச்சி. ஒருவழியாக ஒன்று சிக்கியது. ஆனால் சோதித்துப் பார்க்கும் கருவி தஞ்சாவூரில்தான் இருந்தது. அதைக்கொண்டு உண்டாக்கிய பொருளைப் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சூடு பட்டால் இரண்டு கையும் கலந்துவிடும்; அத்தனை உழைப்பும் வீண்.

பாபநாசத்துக்கு முன்னால் சாலை மறியல். கூலி உயர்வு கேட்டு அறுவடை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பாவும் அப்படி உட்கார்ந்தவர்தான்; எனக்குக் கோபிக்க மனம் வரவில்லை. ஐஸ் மட்டும் கரைந்துகொண்டே இருந்தது.

பக்கத்து சீட்டில் தரங்கம்பாடி மீன்கார அக்கா. “என்ன பாப்பா, பச்சப்புள்ளையாட்டம் அணைச்சு வெச்சிருக்க?”

என் இரண்டு கைகளையும் காட்டி விளக்கினேன்.

“கெட்டுப்போனா நாறுமா?”

“நாறாதுக்கா. பாத்தாலும் தெரியாது.”

“அட ஏசுவே! அதுக்கு என் மீனே தேவல.” சிரித்துக்கொண்டே கூடையிலிருந்த ஐஸை அள்ளி என் பிளாஸ்க்கில் திணித்தார்.

“உங்க மீனு என்னங்க ஆகும்?”

“கோஷம் போடறவங்களுக்குப் பசிக்காதா? வந்த வெலைக்கு வித்துட்டுப் போறேன்.”

கூடையோடு இறங்கிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

மாலையில் மறியல் முடிந்து, மீன் வாடையோடு தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தேன். கருவி நான் நினைத்ததையே காட்டியது. குதித்தேவிட்டேன்.

இப்போதும் பாபநாசத்தில் பஸ் நின்றால் சந்தைப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். “கலக்கலைக்கா, எல்லாம் வலக்கைதான்” என்று அவரிடம் சொல்லவேண்டும்.