மூன்று தடவை கேட்டவர்

ஹம்பேர்க்கில், தாய் தகப்பன் இல்லாமல் தனியே வந்த தமிழ்ப் பிள்ளைகள் தங்கிய விடுதியில், தொண்ணூறுகளில் நான் பண்பாட்டு ஆலோசகர். பொங்கலைப் பற்றி ஜெர்மன் ஊழியர்களுக்கு மணிக்கணக்காக விளக்குவேன், பொங்கத் தெரியாது.

அங்கே சமைத்த ஜெர்மன் பெண்மணி ஆறடி உயரம். எதையும் ஒரு தடவைதான் கேட்பார். புதிதாக வந்த பெண்பிள்ளையிடம், தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வசனத்தில், “சோறு போடட்டோ?” என்றார்.

“வேண்டாமக்கா.”

சட்டி உடனே திரும்பிப் போனது. மூன்று நாள் இப்படியே போக, பிள்ளை துவண்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பற்றி ஊழியர்கள் பேசினார்கள். நான் அகதித் துயரம் பற்றி இரண்டு பக்க அறிக்கை எழுதினேன்.

சமையல்காரர் அறிக்கையைத் தள்ளிவைத்தார். “நீங்களும் கேக் வேண்டாம் என்பீர்கள். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எத்தனை தடவை கேட்க வேண்டும்?”

“மூன்று,” என்றேன், தரையைப் பார்த்து. “முதல் தடவையே ஓம் என்றால் காணாததைக் கண்டவர்கள் என்று நினைப்பார்கள்.”

அவர் போய் மூன்று தடவை கேட்டார். பிள்ளை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டது.

“உண்மையாகவே வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்?” என்றார் திரும்பி வந்து.

“சாப்பிடுவோம்.”

அவர் சிரிக்கவில்லை, சமையல் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். என்னவென்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.