மச்சான் வீச வேண்டிய துண்டு

மே மாத லீவுக்கு ஏரிக்கரை ஊரில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று என் மனைவி சொன்ன அன்றே, நான் பழைய லாரி டியூப் ஒன்றை எடுத்து ஒட்டுப் போட ஆரம்பித்துவிட்டேன். திண்டிவனத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு நீச்சல் தெரியாது, பத்து வயது மகளுக்கும் தெரியாது. மனைவியின் அண்ணன் வீடு பனமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில், ஏரிக்கரையை ஒட்டியே இருந்தது.

"மே மாசத்துல ஏரியில ஏதுங்க தண்ணி?" என்றாள் மனைவி.

"இல்லன்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா?" என்றேன்.

காற்றை இறக்கி மடித்துக் கொண்டுபோனால் அவசரத்துக்கு யார் ஊதுவது? அதனால் டியூப்பைக் காற்றோடேயே பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏன்யா, ஜன்னலோரம் அதுக்கு, நிக்கிறது உன் சம்சாரமா?"

மனைவி விழுப்புரம் வரை என்னோடு பேசவில்லை. அங்கே வேறு பஸ் மாறினோம். அதிலும் பேசவில்லை.

போய்ப் பார்த்தால் ஏரி காய்ந்து கிடந்தது. நடு ஏரியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மதகுப் பக்கம் மட்டும் முழங்கால் அளவுக்குக் கலங்கலாக ஒரு குட்டை மிச்சமிருந்தது. கரைச் சரிவில் ஒரு போர்டு: 'ஆழமான பகுதி. இறங்கினால் உயிருக்கு ஆபத்து.' அந்தப் போர்டின் காலில் ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு ஒரு வியாதி உண்டு. எழுதி வைத்திருந்தால் நம்பிவிடுவான்.

மூன்றாம் நாள் அந்த ஊரில் மீன்பிடி. ஏரி வற்றிக் கடைசிக் குட்டை மிஞ்சும்போது நாள் குறித்து ஊரே இறங்கி மீன் பிடிக்கும். ஆனால் கரைமேல் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் சேற்றில் கால் வைக்கக் கூடாது. வீசுகிற முறை வீடு வீடாக வரும். மழை பொய்த்த வருஷத்தில் மீன்பிடியும் கிடையாது, முறையும் நகராது. மச்சான் வீட்டுக்கு அந்த முறை கடைசியாக வந்தபோது அவருடைய அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் வீசினார். அதன் பிறகு இந்த வருஷம்தான் முறை வந்திருந்தது.

மச்சான் இதற்காகவே விழுப்புரம் போய்ப் புதுத் துண்டு வாங்கி, நீலம் போட்டு, இஸ்திரியும் போட்டு வைத்திருந்தார். நாங்கள் போன இரண்டு நாளும் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று வீசிப் பழகினார்.

"மாப்ள, சுத்தி வீசணுமா, ஒரே வீச்சா வீசணுமா?"

"கை சுளுக்கிக்கப் போவுது மச்சான்."

"உன் வாயில நல்லதே வராதா?"

மீன்பிடி அன்று காலையில் கரை முழுக்க ஜனம், மேளம் வேறு. கூடை, கொசுவலை, பழைய புடவை, அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தா என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். நான் டியூப்பைத் தோளில் மாட்டியிருந்தேன். கரைக்கோடியில் இருந்த அம்மனுக்குத் தேங்காய் உடைக்கப் புறப்பட்ட மச்சான், துண்டை என் கையில் கொடுத்தார்.

"கீழ வெக்காத. தோள்ல போடாத, வேர்வ படும். சும்மா புடிச்சிக்கினு நில்லு. ஜல்தியா வந்துடறேன்."

கைக்குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். மச்சான் கோயிலை எட்டியிருக்கும் நேரம். பக்கத்தில் பார்த்தால் மகளைக் காணோம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே கரைச் சரிவில் இறங்கி, அந்தப் போர்டையும் தாண்டி நின்றாள். கூப்பிட்டேன். மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையில் இருந்தது துண்டு ஒன்றுதான்.

வீசினேன். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை, தலைக்கு மேலே, முழுக்கையையும் நீட்டி.

மேளம் நின்றது. மகள் திரும்பிப் பார்த்தாள். ஊரும் பார்த்தது.

"டோய், துண்டு வீசியாச்சுடோய்!"

அவள் என்னை நோக்கி மேலே ஏறி வர, ஊர் முழுக்க எங்களைத் தாண்டிக் கீழே ஓடியது.

"அது அதுக்கு இல்லீங்க! பொண்ணக் கூப்புட்டேங்க!" என்று கத்தினேன்.

ஊத்தாவோடு ஓடிய ஒரு பெரியவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "பொண்ணையும் இட்டுக்கினு வாய்யா!"

மச்சான் நெற்றியில் குங்குமமும் கையில் தேங்காய் மூடியுமாகத் திரும்பி வந்தார். ஏரியைப் பார்த்தார். என் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். இனி இந்த வீட்டுப் படி ஏற முடியாது, மனைவி இங்கேயே தங்கிவிடுவாள், நாளைக்கு மகளுக்குக் கல்யாணம் வைத்தால் தாய்மாமன் சீர்வரிசை வராது என்று நான் அதற்குள் பதினைந்து வருஷம் தாண்டிப் போய்விட்டேன்.

"எத்தினி வாட்டி வீசின?" என்றார்.

"அஞ்சு."

"ஒண்ணு போதுமேடா." அதுவரை அவர் என்னை 'டா' போட்டதில்லை.

துண்டை வாங்கி உதறினார். கீழே ஒருவர்கூடக் கரைப்பக்கம் பார்க்கவில்லை. "எங்கப்பாவுக்கும் இல்ல. எனக்கும் இல்ல" என்றார் மெதுவாக. துண்டை நான்காக மடிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் பின்னால் நின்றிருந்த என் மனைவி வாயைத் திறந்தாள். "அண்ணா, இவுரு இன்னும் எறங்கலியே."

மச்சான் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான், போர்டுல என்ன போட்டுருக்குதுன்னா..."

"அது ஏரி ரொம்பி இருக்கச்சொல்ல வெச்சது. போய் சேத்தோரம் நில்லு. நான் வீசினாத்தான் கால வெக்கணும், தெரியுதா?"

டியூப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஆடு என்னைப் பார்த்தது. சேற்றின் விளிம்பில் நின்று திரும்பினேன். மச்சான் கரை நடுவில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, துண்டை விரித்து, இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். அவசரமே படவில்லை. குட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, கையில் துள்ளும் மீனோடு கரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் பார்த்த பிறகுதான் கையை உயர்த்தினார்.

ஒரே வீச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், என்னுடைய ஐந்தும் அதற்கு ஈடாகாது.

கால் வைத்தேன். சேறு கணுக்காலை விழுங்கியது. "அய்ய, டியூப்ப வுட்டுட்டு வாய்யா!" என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. வழவழவென்று ஏதோ காலை உரசிக்கொண்டு போனது, அலறினேன். திரும்பிப் பார்த்தால் மச்சான் உயர்த்திய துண்டை இன்னும் இறக்கவில்லை. அதை இறக்கும்வரை நிற்கக் கூடாதோ என்னவோ, எனக்கென்ன தெரியும்? கேட்கவும் பயம்.

குட்டையின் அடுத்த பக்கம் வரைக்கும் நடந்தேன்.