தேக்குக் கட்டிலில் எழுந்த கறை

அந்தக் கட்டில் இன்னும் இருக்கிறது. சாந்தோமில், மூன்றாவது மாடிப் பால்கனியில், நீலத் தார்ப்பாய் சுற்றி நிற்கிறது. இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் ரெனிட்டாவின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். அவள் தடுக்க மாட்டாள். தொட மட்டும் விட மாட்டாள்.

ரெனிட்டா பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். எந்தப் பொருளையும் கழற்றி, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. போன கோடை விடுமுறையில் மரவேலையில் இறங்கினாள். மலிவான டிரில், மலிவான சாண்டர், நாலைந்து கிளாம்ப். பால்கனிதான் பட்டறை.

அந்தச் சமயத்தில்தான் அவள் அப்பா பிரகாசத்துக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது, வாடகைக்கு இரும்புக் கட்டில் எடுக்கலாம் என்றாள் ரெனிட்டா. அப்பா வாய் குழறக் குழறச் சொன்னார்.

“இரும்பு வேணாம்மா... மரக்கட்டில் போடு.”

விழுந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

சிந்தாதிரிப்பேட்டையில் அப்துல் வஹீத்தின் பழைய சாமான் கடையில் தேக்குக் கட்டில் ஒன்று கிடைத்தது. உயரம் அளவெடுத்ததுபோல் இருந்தது. உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிந்தது. பக்கவாதம் வந்தவர் எழுந்து நிற்க அதுதான் முக்கியம். பாலிஷ்தான் கறுத்துப்போய்ப் பிசுபிசுத்தது.

பழைய பாலிஷை எடுப்பது கஷ்டமில்லை. தின்னரைத் தடவினால் இளகும், தகட்டால் வழித்துவிடலாம். மிச்சத்தைத் துணியால் துடைக்க வேண்டும். புதுத்துணி உதவாது. பலமுறை துவைத்து நைந்த பருத்திதான் ஈரத்தை நன்றாக இழுக்கும். மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த பையில் அப்பாவின் பழைய வேட்டி இருந்தது. விழுந்த அன்று கட்டியிருந்தது. அதைத் துவைத்து, கிழித்து, கட்டில் முழுக்க அழுத்தித் துடைத்தாள்.

மறுநாள் மத்தியானம், பலகையின் நடுவில் எண்ணெய்க் கறை எழுந்திருந்தது. ஆள் நீளத்துக்கு.

ரெனிட்டா பயப்படவில்லை. தேக்குக்குள் எண்ணெய் உண்டு. வெயில் பட்டால் மேலே வரும். தேய்த்தால் போய்விடும். சாண்டரை எடுத்தாள். அதில் வட்டத் தட்டு ஒன்று சுற்றும். அதில் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். தட்டின் துளைகள் வழியே தூள் உறிஞ்சப்பட்டுப் பின்னாலுள்ள பைக்குள் போகும். தேக்குத்தூள் லேசானது. மிளகாய்ப்பொடிபோல் பறக்கும்.

இது பறக்கவில்லை.

திரிதிரியாக உருண்டது. குளிக்கும்போது முதுகைத் தேய்த்தால் அழுக்கு உருண்டு வருமே... அப்படி. சாம்பல் நிறத்தில். ஈரமாக.

நாற்றமும் வந்தது. எண்ணெய் தேய்த்துப் பல நாள் அலசாத தலையின் நாற்றம்.

“இன்னாடி நாத்தம் இது?” உள்ளேயிருந்து அவள் கணவன் ஃபிரெட்ரிக் கத்தினான்.

“நொச்சிக்குப்பத்துலேர்ந்து காத்து அடிக்குது. மீன் நாத்தம்.”

“மீனுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? நான் பொறந்ததே கடலோரம். கதவ மூடு, குமட்டுது.”

பலகையில் இரண்டு விரிசல்கள் இருந்தன. அவற்றை அடைக்கக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். தேய்த்து வந்த தூளையே மரப்பசையில் குழைத்து அடைத்தால் நிறம் அப்படியே பொருந்தும். சாண்டரின் பையைத் திறந்து கொட்டினாள். கொழகொழவென்று விழுந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பசையோடு விரலால் பிசைந்து, விரிசலில் அப்பினாள்.

அடுத்த மத்தியானம் கறை திரும்பவும் வந்திருந்தது. இன்னும் கறுப்பாக.

விரிசலில் அப்பிய பசை காயவில்லை. நகத்தால் கீறினாள். மேலே மெல்லிய தோல்... அடியில் வெதுவெதுப்பாக ஏதோ கசிந்தது.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

வஹீத்துக்குப் போன் போட்டாள்.

“பாய், அந்தக் கட்டில்ல யாராவது செத்துப் போனாங்களா?”

“இன்னாம்மா, பேய்ப்படம் பாத்துக்கினு கீறியா?” அவர் சிரித்தார். “கல்யாண சீர்க் கட்டில்மா அது. கல்யாணம் நின்னு பூட்ச்சு. ஒர்த்தர் கூட அதுல படுத்ததில்ல.”

யாருமே படுக்காத கட்டில்.

அது அவளுக்கு நிம்மதி தந்தது. வெறும் எண்ணெய்தான் என்று தேற்றிக்கொண்டாள். உப்புத்தாளில் எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும். இருப்பதிலேயே சொரசொரப்பானதை மாட்டினாள். அன்று மாலை வரை தேய்த்தாள். பலகை வெளுத்தது.

மூன்றாம் நாள் மத்தியானம்.

கறை வந்திருந்தது.

இந்த முறை விளிம்புகள் துல்லியமாக இருந்தன. தலை. தோள். இடுப்பு. இரண்டு குதிகால்கள். வலது கை நீண்டிருந்தது.

இடது கை... மடங்கி, மார்போடு ஒட்டியிருந்தது.

ரெனிட்டா பார்த்துக்கொண்டே நின்றாள். கை சாண்டரின் பொத்தானை அழுத்தியது. இதை அழித்தே ஆக வேண்டும்... அவ்வளவுதான் நினைத்தாள். தோள் இருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

ர்ர்ர்ர்ர்ர்...

பலகை நெளிந்தது.

நிறுத்தினாள். சத்தம் அடங்கியது. பலகையின் நடுக்கம் அடங்கவில்லை.

மரம் ஈரமானால் மேலேயுள்ள நார்கள் எழுந்து நிற்கும். அது அவளுக்குத் தெரியும். உள்ளங்கையால் தடவினாள். நார்கள் படிந்தன.

திரும்ப எழுந்தன.

மயிர்க்கூச்செறிந்ததுபோல். புள்ளி புள்ளியாக. அவள் கை போன பக்கமெல்லாம்.

உள்ளங்கை பிசுபிசுத்தது.

சூடு.

உப்பு... உதட்டில். பல்லிடுக்கில் நறநறவென்று தூள்.

ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். மூக்கைச் சிந்தினாள். சாம்பல் நிறத் திரி ஒன்று நீளமாக வந்து கைகழுவும் தொட்டியில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டும் போகவில்லை.

கட்டிலைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு, இரும்புக் கட்டிலுக்குச் சொல்லிவிட்டாள். அப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று மருத்துவமனைக்குப் போனாள்.

வார்டு வாசலிலேயே நர்ஸ் ஜானு பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானே பொண்ணு? உள்ள வந்து பாருங்க மேடம். நேத்து சிவந்து மட்டும்தான் இருந்துச்சு, படுக்கைப்புண்ணுன்னு நெனச்சோம். இன்னிக்கு இப்புடி ஆயிடுச்சு.”

அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஜானு சட்டையை விலக்கினாள்.

முதுகில் தோல் இல்லை. தோளிலிருந்து இடுப்புவரை வட்ட வட்டமாக உரிந்து, பச்சை மாமிசமாக மினுங்கியது.

“படுக்கைப்புண்ணு இப்டி வராது மேடம். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி கீது. மூணு நாளா மத்தியானம் ஆனா கத்திக்கினே கீறாரு. இன்னான்னு கேட்டா சொல்லத் தெரியல.” குரலைத் தாழ்த்தினாள். “காயத்துக்குள்ள ரெண்டு எடத்துல பசையாட்டம் ஏதோ அடைச்சிருந்துச்சு. டாக்டரே மூஞ்ச திருப்பிக்கினாரு.”

அவர் வேட்டியைக் கிழித்துக் கட்டிலைத் துடைத்த தன் விரல்களை ரெனிட்டா பார்த்தாள். நகக்கண்களில் சாம்பல் நிறம்.

அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார், இரும்புக் கட்டிலில். முதுகு ஆறிவிட்டது. தோல் வளர்ந்த இடம் மட்டும் பழுப்பாக, வரி வரியாக இருக்கிறது.

“அத ஒடைச்சுக் கொளுத்திடுவோம்டி” என்று ஃபிரெட்ரிக் ஒருமுறை சுத்தியலைத் தூக்கினான். ரெனிட்டா அவன் மணிக்கட்டைக் கடித்தேவிட்டாள்.

விற்க முடியாது. உடைக்க முடியாது. மழையில் நனையவிட முடியாது. தினமும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து மூடுகிறாள்.

போன வாரம் கட்டிலுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் மரத்தூள் குவிந்திருந்தது. கோதுமை மாவுபோல் மெல்லிசாக. நிமிர்ந்து பார்த்தாள். பலகையில் குண்டூசித் துளைகள்... நிறைய. காதை வைத்தால் கேட்டது. கிர்ர்... கிர்ர்...

வண்டு விழுந்த மரத்துக்கு வழி உண்டு. ஊசியில் மருந்தை ஏற்றி, துளை துளையாக உள்ளே செலுத்த வேண்டும். வண்டு செத்துவிடும். மருந்து கொடிய விஷம். செலுத்தாவிட்டால், மரம் உள்ளுக்குள் மாவாகும்வரை வண்டு தின்னும்.

ஊசியை வாங்கி வைத்துவிட்டாள். மருந்தையும் நிரப்பிவிட்டாள். அதைப் பிடித்தபடி பால்கனியில் நிற்கிறாள்.

உள்ளே அப்பா கூப்பிடுகிறார்.

“ரெனி... முதுகுல என்னமோ ஊறுது. வந்து பாரேன்...”