இசபெல் ஓடவிடாத குதிரை

குளச்சல் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிற இசபெல்லுக்கு ஒரு காரியத்தை முடிவு செய்ய அரை நிமிடம் போதும். இருபத்து மூன்று வருடப் பழக்கம் அது. சாளையோ கணவாயோ கரையில் கொட்டப்பட்டதும், அந்தக் குவியல் யாருக்கு என்பது அடுத்த குவியல் வந்து விழுவதற்குள் தீர்ந்தாக வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் வெயில் ஏறும், மீன் இளகும், வியாபாரிகள் முணுமுணுப்பார்கள். வீட்டிலும் அவள் அப்படித்தான். மகள் ரெஜிஷாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த அன்று மாலையே பெட்டி கட்டி அனுப்பிவைத்தவள்.

அப்படிப்பட்டவள், ஒரு குதிரைக்குப் பெயர் வைக்க இரண்டு மாதம் எடுத்துக்கொள்கிற மனிதர்களோடு கூட்டுச் சேர நேர்ந்ததுதான் நாற்பத்தொன்பதாம் வயதில் அவளுக்கு வந்த சோதனை.

அந்தப் பங்கு அவள் கேட்டு வந்ததல்ல. கணவன் மரியானுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் என்றால் உயிர். கடலுக்குப் போகாத நாட்களில் தூத்துக்குடி வரை போய்ப் பந்தயம் பார்த்துவிட்டு வருவான். அங்கே பழக்கமானவர் தாழக்குடிப் பக்கத்து நாகேந்திரன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, இருக்கிற வயலைப் பார்த்துக்கொண்டிருப்பவர். மூன்றாவது ஆள் ஷைஜு. சிதறால்காரன், பெண்ணெடுத்த ஊரான பூதப்பாண்டியில் ஆட்டோ ஓட்டுகிறான். மற்றவர்களுடைய பந்தய வண்டிகளை ஓட்டிப் பெயர் வாங்கியவன். மூவரும் சேர்ந்து பொள்ளாச்சியிலிருந்து ஓர் இளம் பெண்குதிரையை வாங்கி, நாகேந்திரனின் மாட்டுத் தொழுவத்தில் கட்டினார்கள். கட்டி நாற்பது நாள் ஆகுமுன் மரியானுக்கு ஓமானில் இழுவைப் படகில் வேலை கிடைத்தது. விமான நிலைய வாசலில் வைத்துத்தான் அவன் இசபெல்லிடம், குதிரைமேலும் ஒரு கண் இருக்கட்டும் என்று சொன்னான். அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள் என்கிற மாதிரி.

அன்றிலிருந்து ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வடசேரிக்குப் பேருந்து, அங்கிருந்து தாழக்குடிக்கு இன்னொன்று. முதல் தடவை தொழுவத்துக்குள் நுழைந்தபோது இசபெல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நிறம் செம்பழுப்பு, பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. பெரிய கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு அது மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது. மீனைத் தவிர எந்த உயிரையும் தொட்டுப் பழகாத இசபெல், "என்னட்டி?" என்று கேட்டாள். குதிரை காதைத் திருப்பியது.

பெயர் விவகாரம் அப்போது நடந்துகொண்டிருந்தது. பிறந்த நட்சத்திரம் தெரியாத குதிரைக்கு எந்த எழுத்தில் பெயர் தொடங்குவது என்பது நாகேந்திரனின் கேள்வி. வாங்கிய நேரத்தைப் பிறந்த நேரமாக எடுத்துக்கொள்ளலாமா, தொழுவத்தில் கால் வைத்த நேரத்தையா என்று இரண்டு ஜோசியர்களைக் கேட்டார். இருவரும் இரண்டு விதமாகச் சொன்னதால் மூன்றாமவரைத் தேடிப் போனார். கடைசியில் வைஜயந்தி என்று முடிவானபோது குதிரை இசபெல் கூப்பிடுவதுபோல 'ஏட்டி' என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தது. நாகேந்திரன் அதை இசபெல் வேண்டுமென்றே செய்த சதியாகவே எடுத்துக்கொண்டார்.

ஷைஜு வேறு விதம். யாரிடம் பேசுகிறானோ அவர்கள் பக்கம். காலைக் குளிர்ச்சியில் ஓட்டினால்தான் மூச்சு பிடிக்கும் என்று நாகேந்திரனிடம் ஒத்துக்கொள்வான். சாயங்காலம் ஓட்டினால்தான் ஆள்கூட்டமும் இரைச்சலும் பழகும் என்று இசபெல்லிடம் சொல்வான். இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கேட்டபோது, "ரெண்டும் கொள்ளாம் அக்கா, நல்லதுதான்," என்றான். அதோடு சரி, அந்த வாரம் காலையிலும் ஓட்டவில்லை, மாலையிலும் ஓட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மரியான் கப்பலிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். காதைக் காட்டு, பல்லைக் காட்டு, நடக்கவிட்டுக் காட்டு. ஏலம் நடக்கும் நேரத்தில், ஒரு கையில் நெய்மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, குதிரை நேற்று எவ்வளவு கொள்ளு தின்றது என்று கேட்டால் ஒரு மனுஷி என்ன பதில் சொல்வாள்? சுற்றி நின்ற வியாபாரிகள் அவளைக் 'குதிரைக்காரி' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனாலும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். மற்ற இருவரும் வாயால் குதிரை வளர்க்க, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேய்த்துவிட்டாள், குளம்பில் ஒட்டிய சேற்றை வழித்தாள். நாலு காலையும் தொடையிலிருந்து குளம்பு வரை தடவிப் பார்ப்பது வழக்கமாயிற்று. மீனைத் தொட்ட மாத்திரத்தில் நேற்றுப் பிடித்ததா இன்று பிடித்ததா என்று சொல்லிவிடும் கை அது. எலும்பு எங்கே, நரம்பு எங்கே, எந்த இடம் எந்த அளவு குளிர்ந்திருக்கும் என்று அந்தக் கைக்கு மெல்ல மனப்பாடம் ஆயிற்று.

தை மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் ஓர் ஊர்க் கமிட்டி பந்தயம் வைத்தது. இதுவரை எங்கும் ஓடாத குதிரைகளுக்கென்று புதிய குதிரைப் பிரிவு. அதில்தான் வைஜயந்திக்கு முதல் ஓட்டம். நாகேந்திரன் தம் படம், ஷைஜு படம், மரியான் படம் மூன்றையும் போட்டு ஒரு பெரிய பேனர் அடித்து நாற்சந்தியில் கட்டினார். இசபெல்லின் படம் அதில் இல்லை. ஆனால் பேனரைக் கட்டிய கயிறு குதிரைக்கென்று தான் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த வலைக்கயிறு என்பதைப் பார்த்ததும் வாய் கசந்தது.

பந்தயத்தன்று முதல் பேருந்தைப் பிடித்து மைதானத்துக்குப் போனாள். காற்றாலைகளின் இறக்கைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மலைக் கணவாய்க் காற்றில் மண் பறந்து கண்ணில் விழுந்தது. ஷைஜு வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். இசபெல் வழக்கம்போலக் குனிந்து கால்களைத் தடவினாள். இடது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே, பின்பக்கத்தில், அவள் கை நின்றது. வலது காலைத் தொட்டாள். மறுபடி இடது. சூடு.

வீக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஷைஜு தொட்டுப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் நடத்திக் கூட்டிவந்த சூடாக இருக்கும் என்றான். அப்படியானால் நாலு காலும்தானே சுட வேண்டும் என்று இசபெல் கேட்டதற்கு, அதுவும் சரிதான் என்றான். நாகேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே காலுக்குள் வண்டி கோட்டுக்குப் போனால்தான் நல்ல நேரம். கமிட்டி வைத்திருந்த மருத்துவர் உயரமும் பல்லும் பார்த்துச் சீட்டு கொடுத்துவிட்டு, பெரிய குதிரைகள் நின்ற கோடிக்குப் போய்விட்டார்.

"இன்னைக்கு இது ஓடண்டாம் சாரே," என்றாள் இசபெல்.

நாகேந்திரன் வகுப்பில் கணக்கு விளக்கும் குரலில் பொறுமையாகச் சொன்னார். "பங்கு மூணு. நானும் ஷைஜுவும் ஓடலாம்னு சொல்லுகோம். மூணுல ரெண்டு. மிச்சம் ஒண்ணும் ஒனக்க பேருல இல்ல, மரியான் பேருல. அவன்கிட்ட கேளு."

இசபெல் கேட்டாள். கப்பலில் சிக்னல் கிடைத்து அவன் முகம் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. கால் சூடாக இருப்பதைச் சொன்னாள். மரியான் சாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அவர்கள் பேசி முடித்ததும் போன் அவளிடம் திரும்பி வந்தது. "ஒண்ணும் ஆவாது, ஓடட்டும் பிள்ளே. பேனர்லாம் வச்சாச்சுல்லா," என்றான் மரியான்.

இத்தனை மாதமும் சாணி அள்ளியது யார், வாரம் தவறாமல் நாலு பேருந்து மாறியது யார் என்றெல்லாம் அவளுக்குத் தொண்டை வரை வந்தது. ஒலிபெருக்கியில் புதிய குதிரைகளைக் கோட்டுக்கு அழைத்தார்கள். வைஜயந்தி, தாழக்குடி என்று பெயர் படித்தார்கள். இசபெல் வண்டியின் வாரை அவிழ்த்தாள். இன்னொன்றையும் அவிழ்த்தாள். கடிவாளத்தைப் பிடித்து, "வாட்டி," என்று மட்டும் சொன்னாள். குதிரை வண்டியிலிருந்து வெளியே வந்து அவள் பின்னால் நடந்தது.

ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண் கையிலிருந்து கடிவாளத்தைப் பிடுங்க நாகேந்திரனுக்கு மனம் வரவில்லை. ஷைஜு இரண்டடி முன்னால் வந்தான், பிறகு சாரைத் திரும்பிப் பார்த்தான், பிறகு வெறும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கி இன்னும் இரண்டு முறை பெயரைப் படித்துவிட்டு விட்டுவிட்டது.

லாரி பிடிக்க அவளுக்கு யாரையும் தெரியாது. தாழக்குடிக்கு நடக்க வேண்டியதுதான். தார் சூடேறாத ஓரமாக, மண்ணில் கால் படும்படி, பைய நடத்திக்கொண்டு போனாள். எரிச்சல் ஒவ்வொருவர்மேலாகச் சுற்றி வந்து கடைசியில் குதிரைமேலேயே விழுந்தது. ஏனென்றால் அது நொண்டவே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு அழகாக நடந்தது. எதிரே வந்தவர்கள் நின்று ரசித்தார்கள். ஒருவர், நல்ல குதிரையாக இருக்கிறதே, பந்தயத்துக்குக் கொண்டுபோகவில்லையா என்று வேறு கேட்டார்.

"ஒரு அடியாவது நொண்டேன் ஏட்டி," என்றாள் இசபெல். "எனக்க மானத்துக்காவது."

அது நொண்டவில்லை. பாதி வழியில், தன் கைதான் தப்போ என்ற பயம் வந்தது. நின்று மறுபடி தொட்டாள். சூடு இருந்தது. இல்லை, இருக்கிற மாதிரி இருந்தது. உச்சி வெயிலில் எதைத் தொட்டாலும் சூடாகத்தானே இருக்கும். வாய்க்கால் மேல் ஒரு கலுங்குத் திண்டில் உட்கார்ந்து அழுதாள், அதிக நேரமில்லை. பிறகு எழுந்து நடந்தாள்.

மறுநாள் ஏலத்துக்குப் போகாமல் கால்நடை மருத்துவர் லட்சுமிப்ரியாவை அழைத்துவந்தாள். அவர் காலைத் தூக்கி மடக்கி அழுத்தியபோது குதிரை சட்டென்று காலை இழுத்துக்கொண்டது. தசைநாரில் லேசான பிசகு, ஒரு மாதம் வண்டி பூட்டக் கூடாது, தினம் ஐஸ் வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். நேற்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இசபெல் கேட்டாள். அந்தப் பதிலுக்காகத்தான் இரவெல்லாம் விழித்திருந்தாள்.

"சொல்ல முடியாதும்மா. நார் அறுந்து ஆயுசுக்கும் ஓடாமப் போயிருக்கலாம். ஒண்ணுமே ஆகாமலும் இருந்திருக்கலாம்," என்றார் அவர்.

நாகேந்திரன் அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் பக்கத்தில் நிற்கும்போதே, கொள்ளு ஊறவைத்தாயிற்று என்று அந்தம்மாவிடம் சொல்லு என்று ஷைஜுவிடம் சொல்வார். ஷைஜுவும் திரும்பி, அவள் காதில் விழாதது போல, அப்படியே ஒப்பிப்பான். கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று அவளுக்கு இருக்கும்.

ஐஸுக்கு அவளிடம் பஞ்சமில்லை. துறைமுகத்தில் உடைத்த ஐஸைத் தெர்மோகோல் பெட்டியில் நிறைத்து, ஒன்றுவிட்டு ஒருநாள் பேருந்தில் கொண்டுபோனாள். கழுவிய பெட்டிதான், ஆனாலும் மீன் பெட்டி. நடத்துனர்கள் கடைசி இருக்கைக்கு விரட்டினார்கள். நாகேந்திரன் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. முதல் நாள் பெட்டி தொழுவத்துக்குள் வந்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வயலுக்கு இறங்கிப் போனார். இரண்டாம் வாரம் ஒருநாள் பேருந்து பழுதாகி அவள் தாமதமாக வந்தபோது, அவரே அவள் போன தடவை வைத்துவிட்டுப் போன பெட்டிக்குள் கைவிட்டு, மிச்ச ஐஸைக் கோணித் துண்டில் சுற்றி, குதிரையின் காலில் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதுகு காட்டி இருந்ததால் அவளைப் பார்க்கவில்லை. "அனங்காத நில்லு ஏட்டி," என்று குதிரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இசபெல் கேட்காதது போல வெளியே போய், செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம் எழுப்பி மறுபடி வந்தாள்.

அன்றைக்கே மரியானுக்குப் போன் போட்டாள். பங்கைத் தன் பேருக்கு மாற்று, இல்லாவிட்டால் அடுத்த விடுப்பில் வந்து நீயே சாணி அள்ளு என்றாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, சரி என்றான். கணக்கு வாத்தியார்தான் புதிய ஒப்பந்தத்தை எழுதினார். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. வாங்கிப் படித்தபோது, யாரும் கேட்காத ஒரு வரி அதில் இருந்தது: மூவரில் ஒருவர் மட்டும் குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாலும் அன்று அது ஓடாது. இசபெல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அவளுடைய பெயரை மட்டும் இசபெல்லம்மாள் என்று எழுதியிருந்தார். அதைத் திருத்தித்தர இன்னும் ஒரு வாரம்.

சித்திரையில் அதே பக்கத்தில் வேறொரு பந்தயத்தில் குதிரை ஓடியது. புதிய குதிரைப் பிரிவில் ஏழு வண்டிகள். சீரான ஓட்டத்தில்தான் போக வேண்டும். பாய்ச்சலுக்குத் தாவினால் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். திருப்பம் வரை வைஜயந்தி மூன்றாவதாகப் போனாள். திருப்பத்தில் பின்னால் வந்த வண்டியின் சத்தத்துக்கு மிரண்டு பாய்ச்சல் எடுத்தாள். ஷைஜு இழுத்துப் பிடித்து ஓட்டத்துக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டு வண்டிகள் முந்திவிட்டன. ஐந்தாவது.

இசபெல்லுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. ஏலத்தில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. நாகேந்திரன் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். குதிரையை நிழலில் கட்டி தண்ணீர் காட்டிய உடனே சண்டை ஆரம்பித்தது. கடிவாள வாரைத் திருப்பத்துக்கு முன்பே இறுக்கியிருக்க வேண்டும் என்றார் அவர். சாயங்காலத்தில் ஓட்டிப் பழக்கியிருந்தால் சத்தத்துக்கு மிரண்டிருக்காது என்றாள் இசபெல். ரெண்டும்தான் காரணம் என்றான் ஷைஜு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பி வாயை மூடச் சொன்னார்கள். குதிரை தன் பாட்டுக்கு வாளியில் முகத்தை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது.